"ஏரிக்கு பதிலா எங்கேயோ மரம் நட்டா, இங்க இறால் வருமா?" - தோணிரேவில் ஒரு காலை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பழவேற்காடு பஸ் பிடித்தேன். ஜன்னலுக்கு வெளியே முதலில் நெல் வயல், அப்புறம் சீமைக்கருவேலம், அதுவும் முடிந்து திடீரென்று கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி, "ஏரி வந்துடுச்சு, பையை எடுத்துக்கோ" என்றார். அவர் சொன்ன அந்த ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. சுமார் 450 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பக்கம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்.

நான் தேடி வந்தது தோணிரேவு. பழவேற்காட்டைச் சுற்றியிருக்கும் மீனவ கிராமங்களில் ஒன்று. 'ரேவு' என்றால் தெலுங்கில் படகுத்துறை. தமிழ்த் தோணியும் தெலுங்கு ரேவும் சேர்ந்து ஓர் ஊர்ப்பெயர் ஆகியிருப்பதே இந்த எல்லைப்புறத்தின் அழகு. கரையில் தோணிகள், உலர்த்திய வலைகள், ஒரு வேப்பமர நிழல். நிழலில் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, பொடி இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள் நான்கைந்து பெண்கள்.

"இன்னாமா, பறவை பாக்க வந்தியா?"

சென்னையிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் எல்லோரும் பூநாரைக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம். இல்லைக்கா, பத்திரிகையிலிருந்து வருகிறேன், 'ஈடு' பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றேன். நகை ஈடா, நில ஈடா என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. இயற்கைக்கு ஈடு என்று விளக்கினேன். பெரிய துறைமுகம், அணை, சாலை கட்டும்போது ஒரு இடத்தில் காடோ தண்ணீரோ உயிரினங்களோ அழிந்தால், அழித்தவர் இன்னொரு இடத்தில் அதே மதிப்புக்கு இயற்கையை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். உலகம் முழுக்க இப்போது இதுதான் பேச்சு.

அக்கா கை நிற்காமல் கேட்டார். "எங்க உருவாக்குவாங்க?"

"வேற மாவட்டமா இருக்கலாம்கா. வேற மாநிலமாக்கூட இருக்கலாம்."

"அப்போ இறால் புடிக்க நாங்க பஸ் ஏறி அங்க போவணுமா?"

நிழலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், பஸ்ஸில் வரும்போது போனில் படித்த நாற்பது பக்க அறிக்கை எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு நேராக இல்லை.

பக்கத்து வீட்டு மாமரமும் மதுரை வேப்பங்கன்றும்

விஷயம் புதிது மாதிரி தெரிந்தாலும், இதற்கு அரை நூற்றாண்டு வயது. அமெரிக்காவில் 1972-ம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்துக்குப் பிறகு, சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டடம் கட்டுகிறவர் வேறு இடத்தில் சதுப்பு நிலத்தைச் சீர்செய்து தர வேண்டும் என்ற வழக்கம் வந்தது. நாளடைவில் அதற்கு வங்கிகளே தோன்றின. பணம் போடும் வங்கி இல்லை, சதுப்பு நிலம் போட்டுவைக்கும் வங்கி! முன்கூட்டியே ஒருவர் நிலத்தைச் சீர்செய்து வைத்திருப்பார். கட்டடம் கட்டுகிறவர் அவரிடமிருந்து 'வரவு' வாங்கிக்கொள்வார். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து, பெரும்பாலான புதிய கட்டுமானங்கள் இருந்த இயற்கையைவிட 10 சதவிகிதம் கூடுதலாக உருவாக்கி, 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

இதை ஆதரிக்கும் நிபுணர்கள்கூட ஒரு வரிசையை வலியுறுத்துகிறார்கள். முதலில் அழிவைத் தவிர்க்கப் பார். முடியாவிட்டால் குறை. குறைத்த பிறகும் சேதமானதைச் சீர்செய். இவ்வளவும் செய்து மிச்சம் இருக்கிற இழப்புக்குத்தான் ஈடு. நடைமுறையில் பல இடங்களில் முதல் மூன்று படிகளையும் தாண்டிக் குதித்து நாலாவது படியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் புகார். பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டிவிட்டு, 'கவலைப்படாதீங்க, மதுரையில மூணு வேப்பங்கன்னு நட்டாச்சு' என்று ரசீதை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்தியாவில் இதற்கு 'ஈடு செய் காடு வளர்ப்பு' என்று பெயர். 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காட்டை வேறு பயன்பாட்டுக்கு எடுத்தால் பதிலுக்கு மரம் வளர்க்க வேண்டும். கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளால் அதற்கென்று தனி நிதி உருவானது. 2016-ல் தனிச் சட்டமும் வந்தது. மரம் நடும் செலவு போக, காட்டின் 'நிகர மதிப்பு' என்று ஹெக்டேருக்கு இவ்வளவு எனத் தனியாகவும் கட்ட வேண்டும். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட விலைப்பட்டியலின்படி அது காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து 9.57 லட்சம் ரூபாயிலிருந்து 15.95 லட்சம் ரூபாய் வரை.

பணம் வந்தது. மரம் வந்ததா? மத்திய தணிக்கைத் துறை 2013-ல் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. 2006 முதல் 2012 வரை ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய வனமல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். கிடைத்தது 28,086 ஹெக்டேர். அதில் உண்மையில் மரம் வளர்க்கப்பட்டது 7,280 ஹெக்டேர். நூற்றுக்கு ஏழு! பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு ஏழு வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'பஸ் ஏறிப் போவணுமா' என்று அக்கா கேட்டது கிண்டலும் இல்லை. கிரேட் நிக்கோபார் தீவைப் பாருங்கள். சுமார் 72,000 கோடி ரூபாயில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எனத் திட்டம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதற்காக விட்டுக்கொடுக்கப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். மழைக்காடு, ராட்சத தோல் ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் காடு. அந்தமான் நிக்கோபாரில் ஏற்கெனவே பெரும்பகுதி காடுதான், புதிதாக நட இடம் இல்லை. அதனால் ஈட்டுக்காடு எங்கே என்று பார்த்தால், ஹரியானா! கடலையே பார்க்காத ஹரியானா. வங்கக்கடலில் போன காட்டுக்கு ஆரவல்லி மலை ஓரத்தில் ஈடு. சட்டப்படி இதில் தவறு இல்லை. ஆமைக்கு மட்டும் அந்தச் சட்டம் தெரியாது.

சேற்றுக்கு விலை இல்லை

தோணிரேவுக்குத் திரும்புவோம். ஓர் அண்ணன் தன் தோணியில் ஏற்றிக்கொண்டார். மோட்டார் போடவில்லை. நீளமான கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினார். கரையிலிருந்து அவ்வளவு தூரம் போன பிறகும் கோல் இடுப்பளவுகூட நனையவில்லை. இந்த ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். நடு ஏரியில் ஒரு பெரியவர் நின்றபடி வலை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, முதலில் படகின் மேல் நிற்கிறார் என்று நினைத்தேன். தரையில்தான் நின்றார்.

"கால வச்சுப் பாருமா" என்றார் அண்ணன். வைத்தேன். கணுக்கால் வரை சேறு. வழவழவென்று, குளிர்ச்சியாக. உள்ளே ஏதோ நெளிந்தது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதான் சோறு" என்றார்.

இறாலுக்குச் சோறு, மடவைக்குச் சோறு, நண்டுக்குச் சோறு, பூநாரைக்கும் அதுதான் சோறு. இந்தச் சேற்றுப் பரப்பில் புழுக்களும், பாசியும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஆழமில்லாத, வெதுவெதுப்பான, தீனி நிறைந்த இந்தத் தண்ணீரில் சில மாதங்கள் வளரும். பிறகு மறுபடி கடலுக்குப் போகும். அதாவது, இந்த ஏரி கடலுக்கு ஒரு தொட்டில். இங்கே பிடிக்கிற மீன் மட்டும் ஏரியின் கணக்கில்லை. வெளியே கடலில் பிடிபடுகிற இறாலிலும் இந்தச் சேற்றுக்குப் பங்கு இருக்கிறது.

குளிர்காலத்தில் பூநாரைகள் தலைகீழாக அலகை நுழைத்து அலசுவதும் இதே சேற்றைத்தான். அவற்றோடு உள்ளான் வகைப் பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன. 1980-ல் தமிழ்நாட்டுப் பக்கம் 153 சதுர கிலோமீட்டருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது அதற்காகத்தான்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நம் ஈட்டுச் சட்டங்கள் எல்லாம் மரத்தை மையமாக வைத்தவை. வன நிலம் என்றால் ஹெக்டேருக்கு விலை இருக்கிறது. சேற்றுப் பரப்புக்கு? உப்பங்கழிக்கு? வன நிலம் என்று பதிவாகாத வரை அப்படி ஒரு விலைப்பட்டியல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பாணை 2019-ல் ஒரு விதி இருக்கிறது. கட்டுமானத்தில் அலையாத்திக் காடு அழிந்தால், அதைப்போல் குறைந்தது மூன்று மடங்குப் பரப்பில் வேறு இடத்தில் அலையாத்தி நட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் அலையாத்தியே கிடையாது. திறந்த தண்ணீரும் சேறும்தான். மரம் இல்லாததால், இங்கே எதை அழித்தாலும் அந்த விதியின் கணக்கில் இழப்பு பூஜ்ஜியம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேறெங்கோ அழிந்த அலையாத்திக்கு ஈடாக நட இடம் தேடுகிறவர்கள் கண்ணுக்கு, இந்த மாதிரி சேற்றுப் பரப்பு 'சும்மா கிடக்கிற இடம்' போலத் தெரியும். உலகத்தில் பல கடற்கரைகளில் இது நடந்திருக்கிறது. பறவைகள் மேயும் திறந்த சேற்றில் கன்றுகளை நட்டு, பாதி கன்று செத்து, பிழைத்தவை மேய்ச்சலைக் கெடுத்த கதைகள். நாமும் பார்த்ததுதான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் 'உயிர்வேலி' என்று சவுக்கு நட்டார்கள். நல்ல எண்ணம்தான். மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் அதனால் சுருங்கும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் இயற்கை என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பழுப்பாக இருக்கிற சேற்றை நம்ப வைப்பது கஷ்டம்.

தெற்கே தெரியும் கிரேன்கள்

வெயில் ஏற ஏற, தெற்குப் பக்கம் மங்கலாகக் கிரேன்கள் தெரிந்தன. காட்டுப்பள்ளி துறைமுகம். அதற்கும் தெற்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள். கடலுக்கும் கொசஸ்தலை ஆற்று உப்பங்கழிக்கும் நடுவே நீளமான மணல் திட்டு போல இருப்பது காட்டுப்பள்ளி. பக்கிங்ஹாம் கால்வாய் எண்ணூர்க் கழியையும் பழவேற்காடு ஏரியையும் இணைக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

காமராஜர் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளி துறைமுகம் அடுத்த பத்தாண்டில் வந்தது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. பிறகு விரிவாக்கத் திட்டம். ஆண்டுக்கு சுமார் 25 மில்லியன் டன் சரக்கு கையாளும் துறைமுகத்தை 320 மில்லியன் டன் அளவுக்குப் பெருக்குவது. தேவைப்படும் பரப்பு 6,100 ஏக்கருக்கு மேல். அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட வேண்டிய நிலம்!

கடலுக்குள் நீளும் கட்டுமானம் எப்படி ஏரியைத் தொடும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அண்ணன் கோலின் நுனியால் சேற்றில் கோடு போட்டுக் காட்டினார். இந்தக் கடற்கரையில் மணல் சும்மா இருப்பதில்லை. அலை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல்தான் அதிகம். நடுவில் கல்லைப் போட்டு மறித்தால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரை அரித்தது. அதே பாடம்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டு மெலிந்தால், அல்லது உடைந்தால், ஏரி ஏரியாக இருக்காது என்பதுதான் மீனவர்களின் பயம்.

ஏரிக்குப் பாதிப்பு வராது, வேலைவாய்ப்பு பெருகும் என்பது நிறுவனத் தரப்பின் வாதம். 2021 ஜனவரி 22-ல் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பு கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தி.மு.க வாக்குறுதி கொடுத்தது. 2023 செப்டம்பர் 5-ம் தேதிக்கு மறுபடி கூட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. தோணிரேவு மாதிரி ஊர்களில் இந்தத் தேதிகள் கல்யாணத் தேதிகளைப் போல மனப்பாடம்.

இங்கே வேலை என்ற வார்த்தையைச் சொன்னதும் பேச்சு கொஞ்சம் கசந்தது. காட்டுப்பள்ளிக் குப்பத்தை, கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது இடம் மாற்றினார்கள். நிரந்தர வேலை கேட்டு அந்த ஊர்க்காரர்கள் பிறகு பல ஆண்டுகள் போராடியது செய்திகளில் வந்தது. அதற்கும் முன்னால், 1970 வாக்கில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அந்தத் தீவில் இருந்த குடும்பங்கள் வெளியேறின. அவர்களில் மீனவக் குடும்பங்கள் பல இந்த ஏரியைச் சுற்றியே குடியமர்ந்தன. ஆக, போன நிலத்துக்கு நிலம் கொடுத்தார்கள். போன தண்ணீருக்குத் தண்ணீர் கொடுத்தார்களா? அதே ஏரியில் வலைகள்தான் கூடின. ராக்கெட் கிளம்பும் நாள்களில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு இன்றும் வருகிறது.

சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்ட தண்ணீர்

எந்த ஈட்டுக் கணக்கிலும் வராத இன்னொரு விஷயம் இங்கே இருக்கிறது. அதன் பெயர் பாடு. யார் எந்த நாளில், எந்த இடத்தில் கட்டு வலை போடலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பாடு முறையைப் பற்றி மீன்வள ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் நல்ல இடம். அங்கேயே ஒருவர் உட்கார்ந்துகொள்ள முடியாது. இன்று எனக்கு நல்ல இடம், நாளை உனக்கு. அரசு சட்டம் எதுவும் எழுதித் தராத உரிமை. ஆனால், பல தலைமுறையாக ஏரி சண்டையில்லாமல் ஓரளவு பங்கிடப்பட்டது இதனால்தான்.

இதில் இனிப்பு மட்டும் தடவ எனக்கு விருப்பமில்லை. பாடு உரிமை எல்லோருக்கும் இல்லை. அது சாதியையும் ஊரையும் ஒட்டியது. பாடு இல்லாத ஊர்க்காரர்கள், இருளர் குடும்பங்கள் எல்லாம் மிச்சமிருக்கும் ஓரத் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும். இருளர் பெண்கள் 'பறி' என்ற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். தோணியும் இல்லை, வலையும் இல்லை. முதலீடு இரண்டு கைகள் மட்டும்.

ஏரியில் ஒரு பகுதி போய்விட்டால், முதலில் போவது இந்தப் பெண்களின் ஓரம்தான். அதற்கு ஈடாக அரசோ நிறுவனமோ வேறு இடத்தில் தண்ணீரையே உருவாக்கிக் கொடுத்தாலும், அங்கே யாருக்கு எந்த நாள், எந்த இடம்? அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் மீனவர்கள் இவர்களை விடுவார்களா? பறவைக்கு மாற்று இடம் தேடிக்கொள்ள இறக்கையாவது இருக்கிறது.

பணமாகக் கொடுத்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கலாம். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்ற படங்களை நம் தளத்திலும் வெளியிட்டோம். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் தலா 12,500 ரூபாய். இழந்த நாள்களுக்கான கூலியாக அதைப் பார்க்கலாம். எண்ணெய் படிந்த சேறு இறால் வளர்க்க எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது அந்தத் தொகைக்குள் இல்லை. மீனவருக்கு நஷ்டஈடு வேறு, இயற்கைக்கு ஈடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இதைக் கொடுத்துவிட்டு அதைக் கொடுத்ததாகச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

மரம் நடாமல் மீண்ட காடு

அப்படியென்றால் ஈடு என்பதே ஏமாற்றா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கெட்டுப்போன இயற்கையை மீட்ட உதாரணங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு பல இடங்களில் பட்டுப்போனதற்கு, முன்பு மொத்தமாக மரம் வெட்டியதால் நிலம் உள்வாங்கி, கடல்நீர் தேங்கி, உப்பேறிப்போனதுதான் காரணம் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கண்டுபிடித்தார்கள். மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் வந்துபோக வழி செய்தார்கள். உள்ளூர் கிராமங்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டார்கள். காடு திரும்பியது. முக்கியமான வேலை கன்று நடுவதில்லை, தண்ணீருக்கு வழிவிடுவது.

சிலிக்காவும் அப்படித்தான். மணல் மூடி, கடலோடு தொடர்பு குறைந்து, மீன் வளம் சரிந்து, உலக அளவில் ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்கள் பட்டியலில் போய்விட்டிருந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன் பிடிப்பு ஏறியது. 2002-ல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

இரண்டிலும் ஓர் ஒற்றுமை. கெட்ட இடத்திலேயே சரிசெய்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்கே பலன் போனது. முக்கியமாக, இன்னொரு இடத்தை அழிக்க அனுமதிச் சீட்டாக அதைப் பயன்படுத்தவில்லை. 2023 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை வரவுத் திட்டத்தைப் பற்றிச் சூழலியலாளர்கள் கேட்பதும் இதைத்தான். தரம் குன்றிய வன நிலத்தில் மரம் நட்டு வரவு வாங்கி, அதை வேறு காட்டின் ஈட்டுக் கடமைக்குக் காட்டலாம் என்றால், மிஞ்சுவது காடா, கணக்கா?

பழவேற்காட்டில் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது மரமே இல்லை. முகத்துவாரம். கோடையில் அது மணலால் அடைபட்டுவிடும். அடைபட்டால் கடலுக்குத் தோணி போகாது, இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரித் தண்ணீர் உப்பேறும். கையாலேயே மணலைத் தோண்டி வழி செய்த நாள்களை எல்லா ஊர்களிலும் சொல்கிறார்கள். கடைசியில் ரூ.26.85 கோடி செலவில் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டும் பணியை மாநில அரசு எடுத்துக்கொண்டது. சரணாலயப் பகுதி என்பதால் வனவிலங்கு வாரிய அனுமதிக்கே வெகுநாள் ஆனது. ஏரிக்குள் உயிர் வர வழிசெய்யும் வேலைக்கு இத்தனை கோப்பு நகர வேண்டியிருந்ததைத் தோணிரேவில் யாரும் மறக்கவில்லை.

கல்சுவரும் மணலை மறிக்கும்தானே, அதற்கு வடக்கே இருக்கும் கரை என்ன ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கோலை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆவும். அத்தையும் பாத்துக்கணும். ஆனா வாசல் மூடிப்போச்சுன்னா, அதுக்கப்புறம் பாக்க ஒண்ணும் இல்ல."

கரைக்குத் திரும்பியபோது ஏலம் முடிந்திருந்தது. காலையில் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, கழுவிய அன்னக்கூடையை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, பனையோலைப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே ஒரு கைப்பிடி இறால், ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. காசு கொடுத்தால் வாங்கவில்லை.

"போற வழியில கெட்டுடும்கா, ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பொன்னேரியில ஐஸ் வாங்கிப் போட்டுக்க. உரிக்காத, அப்படியே போட்டு வறு. புளி சேக்காத" என்றவர், பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அந்தக் கூட்டம் மறுபடி எப்போனு தெரிஞ்சா ஒரு போன் பண்ணிச் சொல்லு. எங்களுக்குக் கடைசி நேரத்துலதான் சொல்றாங்க" என்றார்.

எண்ணைக் குறித்துக்கொண்டேன்.